காப்பாளர் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்

1. திங்கட்கிழமை மத்தியானம்

"டீச்சர், என் பிள்ள எங்க?"

நான் டீச்சர் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருடம் கிராணியாக, அதாவது அலுவலகக் குமாஸ்தாவாக, இருந்தவள். ஆனால் பள்ளிக்கூடக் கவுண்டருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் பெற்றோருக்கு அவர் டீச்சர்தான். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம், விட்டுவிட்டேன்.

கேட்டவர் மாலதி. முதலாம் ஆண்டு யாழினியின் அம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அன்று அவருக்கு ஓய்வு நாள், அதனால் மகளைக் கூட்டிப்போக அவரே வந்திருந்தார். வகுப்பு விட்டு எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தாயிற்று, யாழினியை மட்டும் காணோம். வகுப்பாசிரியை, "அவ பேரே இப்ப லிஸ்ட்ல இல்லியேம்மா, ஆபீஸ்ல கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிட்டார்.

எனக்குப் பதில் தெரியும். வெள்ளிக்கிழமை யாழினியின் மாற்றுப் பாரத்தில் முத்திரை குத்தியதே நான்தான்.

"அவங்க அப்பா மாத்திட்டாரேம்மா. பட்டர்வொர்த்துல, சீனப் பள்ளிக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

மாலதி கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"எனக்கு யாரு சொன்னா?"

"அப்பா சொல்லியிருப்பாருன்னு..." என்று இழுத்தேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

2. பத்து நிமிட வேலை

பள்ளி அலுவலகங்களில் இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பூசி மெழுகப் போவதில்லை.

சிஸ்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் காப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. அப்பா விவரம், அம்மா விவரம் எல்லாம் தனித்தனியே இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு பெயர்தான் போகும். முதலாம் ஆண்டுப் பதிவுக்குப் பிறப்புப் பத்திரம், ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், மின்சார பில் என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைலில் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அம்மாதான். நான் எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, காப்பாளர் கட்டத்தில் அப்பா பெயரைத் தட்டிவிடுவேன். எங்கேயும் அப்படி எழுதி வைக்கவில்லை. எனக்கு முன் இருந்த கிராணி அப்படிச் செய்தார், நானும் செய்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. யாழினியைப் பதிய வந்தது மாலதி. கட்டத்தில் போனது குமரேசன் பெயர்.

ஆண்டு நடுவில் இருவரும் பிரிந்தார்கள். பிள்ளைக்குப் பள்ளி மாறக்கூடாது என்பதற்காகவே மாலதி பள்ளிக்குப் பக்கத்திலேயே ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்தார். குமரேசனுக்கு மாக் மண்டினில் ஒர்க்ஷாப்பில் வேலை, பட்டர்வொர்த்தில் அவர் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டார். வார நாளில் பிள்ளை அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம், திங்கட்கிழமை காலை அவரே பள்ளியில் கொண்டுவந்து விடுவார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். விவாகரத்து வழக்கை அப்போதுதான் பதிந்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மாலதியே சொன்னார். புது போன் நம்பர் கொடுக்க வந்தபோது, "டீச்சர், நானும் அவரும் இப்ப தனித்தனி. பிள்ளைக்கு ஏதாச்சும்னா எனக்கு அடிங்க" என்றார். "சரிம்மா" என்று நம்பரை ஏற்றினேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை குமரேசன் வந்தார். கிரீஸ் கறை போகாத ஒர்க்ஷாப் சட்டை, ஓடிவந்தது போல மூச்சு வாங்கியது.

"அக்கா, அங்க முதலாம் ஆண்டுல ஒரே ஒரு இடம்தான் காலி. இன்னைக்கே பாரம் கொண்டு வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். கொஞ்சம் செஞ்சு குடுங்க லா."

"ஏன் தம்பி, நம்ம பள்ளிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாருக்கா சொன்னா? நானும் தமிழ்ப்பள்ளிதான். ஒர்க்ஷாப்புல மொதலாளி தவுக்கே கஸ்டமர்கிட்ட சீனத்துல பேசுவாரு, நான் பேன்னு முழிச்சுக்கிட்டு நிப்பேன். என் பிள்ளையும் அப்படி நிக்கணுமா?"

சிரித்துவிட்டேன். பாரத்தைப் பார்த்தேன், ஐசியைப் பார்த்தேன், சிஸ்டத்தைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே பெயர். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, வகுப்பிலிருந்து யாழினியைக் கூப்பிட்டு அப்பாவோடு அனுப்பினேன். மொத்தம் பத்து நிமிடம். அப்போது என் மண்டையில் ஓடியது என்ன தெரியுமா? இன்னும் பசியாறவில்லையே, கேண்டீனில் நாசி லெமாக் தீர்ந்துவிடுமே என்பதுதான்.

3. "நம்ம தப்பு இல்ல"

மாலதி அன்றைக்கே பட்டர்வொர்த்துக்குப் போனார். குமரேசன் சண்டை போடவில்லையாம். "இனிமே பள்ளி இங்க. வார நாள்ல அவ இங்கதான் இருந்தாகணும். சனி ஞாயிறு நீ வந்து கூட்டிக்க" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டாராம். மகளோடு அம்மாவுக்கு இருந்த ஐந்து நாள் இரண்டாகிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது என் முத்திரை ஒன்றுதான்.

நான் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"சிஸ்டத்துல காப்பாளர் யாரு?"

"அப்பா சார்."

"பாரத்துல கையெழுத்து?"

"அப்பா சார்."

"அப்புறம் என்ன? நம்ம தப்பு இல்ல. புருஷன் பொண்டாட்டி சண்டையில பள்ளிக்கூடம் நடுவுல போய் நிக்கக்கூடாது லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாலதியின் வழக்கறிஞர் வந்தார். சின்னப் பெண், பேச்சு மட்டும் கத்தரி வைத்து நறுக்கியது போல இருந்தது. மாற்றம் எப்படி நடந்தது, அம்மாவிடம் யாராவது கேட்டார்களா என்று நான் அபிடவிட்டில் எழுதித் தர முடியுமா என்றார். தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கட்டாயம் இல்ல. நீங்களா போய் மாட்டிக்காதீங்க. ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு."

"மாட்டிக்க வேண்டியது நான்தானே சார்" என்றேன். எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

4. நீதிபதி கேட்ட கேள்வி

வழக்கு விசாரணைக்கு வர ஐந்து மாதம் ஆனது. நீங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நாம் பத்து நிமிடத்தில் செய்ததைப் பார்க்க கோர்ட்டுக்கு ஐந்து மாதம் வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து மாதமும் பிள்ளை ஏதோ ஒரு வீட்டில் தூங்கி எழுந்து, ஏதோ ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டால் பிள்ளையை இருவரிடமும் கொடுக்க மனம் வராது. அம்மா ஷிப்ட் வேலை, பிள்ளை ராத்திரி எட்டு மணி வரை டே கேரில் கிடக்கிறது என்றது ஒரு பக்கம். அப்பா பிள்ளையைத் தன் அக்கா தலையில் கட்டிவிட்டு ஒர்க்ஷாப்பிலேயே கிடக்கிறார் என்றது இன்னொரு பக்கம். நேரில் பார்த்தால் இருவரும் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. சின்னப் பிள்ளை என்றால், ஏழு வயது வரைக்கும், தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளுமாம். யாழினிக்கு ஏழு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

குமரேசனின் வழக்கறிஞர் என்னிடம், நடைமுறைப்படிதான் எல்லாம் நடந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழு உண்மை.

பிறகு நீதிபதியே கேட்டார். மலாயில், சத்தம் உயர்த்தாமல்.

"இருவரும் பிரிந்திருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாவின் நம்பர் உங்களிடம் இருந்ததா?"

"இருந்தது."

"கூப்பிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

அவர் எழுதிக்கொண்டார். இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என் வேலையைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

யாழினியைத் தனியறையில் கூப்பிட்டுப் பேசிவிட்டு, நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அம்மாவைக் கேட்காமல் பள்ளி மாற்றியது சரியல்ல. இருவருக்கும் பிள்ளைமேல் சம உரிமை, இனி இருவரும் கையெழுத்துப் போடாமல் எதுவும் மாறக்கூடாது. ஆனால் பிள்ளை அங்கே ஒன்றிவிட்டது, நன்றாகப் படிக்கிறது, இன்னொரு தடவை பிடுங்கி நடுவது பிள்ளைக்கு நல்லதில்லை. அதனால் வார நாளில் அப்பாவிடம், வார இறுதியிலும் பாதிப் பள்ளி விடுமுறையிலும் அம்மாவிடம்.

வெளியே வந்ததும் குமரேசன் என் முன்னால் வந்து நின்றார். "அக்கா, நான் என்ன பிள்ளைய கடத்திக்கிட்டா போனேன்? படிக்க வைக்கத்தானே மாத்துனேன்?" கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வந்து கேட்டார், நான் செய்து கொடுத்தேன்.

5. ரெண்டு நிமிஷம்

ஒரு வாரம் கழித்து மாலதி பள்ளிக்கு வந்தார், வகுப்பில் மிச்சமிருந்த யாழினியின் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக்கொள்ள. நானே கட்டி வைத்திருந்தேன். மன்னிச்சிருங்கம்மா என்று சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னேன்.

அவர் புத்தகக் கட்டை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டார்.

"கோர்ட்ல உள்ளத மறைக்காம சொன்னீங்க டீச்சர். அதுக்கு நன்றி. ஆனா அது எனக்கு அந்த வெள்ளிக்கிழமையே வேண்டியிருந்துச்சு."

திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் மாற்றுப் பாரம் எது வந்தாலும், அப்பா கொண்டுவந்தால் அம்மாவுக்கு, அம்மா கொண்டுவந்தால் அப்பாவுக்கு ஒரு போன் போட்ட பிறகுதான் முத்திரையைத் தொடுவேன். பதிவுக்கு வருகிறவர்களிடம், பிள்ளை யாரோடு இருக்கிறது, காப்பாளர் யார் பெயரில் போடட்டும் என்று வாய் திறந்து கேட்பேன். இப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. "கிராணிக்கு வேற வேல இல்ல" என்று ஸ்டாப் ரூமில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே. நீங்களும் செய்யுங்கள். பெரும்பாலும் மறுமுனையில், "ஆமா டீச்சர், தெரியும், நாங்க பேசித்தான் முடிவு பண்ணோம்" என்றுதான் பதில் வரும். வைத்துவிட்டு முத்திரை குத்தலாம்.

கடைசி வருடம் ஒரு அப்பா வந்தார். பிறை என்ற ஊருக்கு வேலை மாற்றலாகிவிட்டதாம், அதனால் மகனுக்கும் அங்கே பள்ளி மாற்ற வேண்டுமாம். நான் போனை எடுத்ததும் அவருக்கு முகம் மாறியது.

"என் பிள்ளைய மாத்த நான் யாரக் கேக்கணும் டீச்சர்?"

"நீங்க யாரையும் கேக்க வேணாம் தம்பி. நான் சொல்லிடறேன், அவ்ளோதான்."

போனில் நான் சொன்னதும்தான் அந்த அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. "டீச்சர், அந்தப் பாரத்த அப்படியே வச்சிருங்க. வரேன்" என்றார்.

பாரத்தை மேசைமேல் வைத்தேன். முத்திரையை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அசையவில்லை. அரை மணி நேரத்தில் அந்த அம்மா வந்து சேர்ந்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.