செத்த காலேஜில் ஒரு ரூபாய்

நைனா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மாவையும் தம்பியையும் வெளியே கூட்டிக்கொண்டு போனது நான்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் மூட்டை தூக்கினவர். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

தம்பிக்கு ஐந்து வயது. சாப்பாடு இறங்கவில்லை, தெருப் பிள்ளைகளோடு சேரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். நான் ராயபுரத்தில் இறால் உரிக்கப் போகிற இடத்தில் ஒரு அக்கா சொன்னாள், டவுன் மியூசியத்தில் காசு காட்சி வைத்திருக்கிறார்களாம், காசையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்களாம் என்று. மிருகங்களைக் கூண்டில் வைத்திருப்பது உயிர் காலேஜு, எலும்பும் பாடம் செய்த மிருகமும் இருக்கிற மியூசியம் செத்த காலேஜு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

"செத்த காலேஜுக்குப் போலாமாடா?"

தம்பி எழுந்து உட்கார்ந்தான். "செத்தவங்க கீற காலேஜா?"

"ஆமாடா."

அவனே போய் மூஞ்சி கழுவினான். நல்ல சட்டையைத் தேடி எடுத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

குழாயடியில் பக்கத்து வூட்டு அம்மா விடவில்லை. "இன்னாம்மே, தாலி அறுத்த ஈரங்கூட காயல, காலேஜு பாக்க கெளம்பிட்டியா?"

அம்மா திரும்பி நடந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "புள்ள மூஞ்சியப் பாரும்மா. அவனுக்கோசரம் வா."

அங்கே போனதும் தம்பி எங்கள் கையை விட்டுவிட்டான். அவ்வளவு பெரிய திமிங்கல எலும்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தான்.

"டேய், அவரு வாட்ச்மேன்டா. பொம்மைன்னு நெனச்சியா?" என்று நான் சிரித்தேன்.

காசு வைத்திருந்த அறையில் நீளமான மேஜை. ஒரு தட்டில் பழைய காசு, இன்னொன்றில் இப்போதைய காசு. தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கலாம். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே அச்சு விழுகிறது. அம்மா ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்தாள். "இத்தத்தான் கயித்துல கோத்து உன் இடுப்புல கட்னேன்" என்று என்னிடம் காட்டிச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

அப்போது தம்பி ஒரு ரூபாயை எடுத்தான்.

"யக்கா, நைனா காசு."

"எல்லா ரூவாயும் அப்டித்தான்டா இருக்கும்."

"இல்ல. இத்த குட்த்துட்டுத்தான் உள்ள போய்க்கீறாரு. எந்த ரூம்ல கீறாரு யக்கா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நைனாவைக் கிடத்தியிருந்தபோது நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார்கள். செத்தவர்களுக்கு வைக்கிற வழக்கம். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அது எதுக்கு, எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அழுகிற நேரத்தில் அவன் வாயை அடைக்க வேண்டும் எனக்கு. "நைனாவுக்கு பஸ் சார்ஜுடா, போய்ட்டு வர்றதுக்கு" என்றேன். அவனுக்கு ஜுரம் என்று புதைக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. காரியமெல்லாம் சித்தப்பாதான் செய்தார். நான் சொன்னது எனக்கே மறந்துபோனது.

தம்பி மேஜைக்குப் பின்னால் இருந்த ஆளிடம் போனான். "சார், எங்க நைனாவப் பாத்தீங்களா? செவப்புத் துண்டு. நெத்தில காசு ஒட்டிகினு வந்திருப்பாரு."

அந்த ஆள் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "காச வச்சிடு கண்ணு" என்றார். தம்பி கையை இறுக்கி மூடிக்கொண்டான்.

"நைனா இங்க வந்தாருன்னு யார்ரா சொன்னது?" என்றாள் அம்மா.

"அக்காதான் பஸ் சார்ஜுன்னு சொல்லிச்சு. போய்ட்டு வர்றதுக்கு."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீதான சொன்ன. நீயே சொல்லு" என்றாள்.

அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "நைனா வரமாட்டாருடா. மண்ணுல பொதச்சிட்டாங்கோ. அந்தக் காச குழி வெட்டுனவரு எட்துக்கினாரு."

மூடின தன் கையைப் பார்த்தான். "அப்ப நைனா கையில காசே இல்லியா?"

அம்மாதான் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து ரூபாயைத் தட்டில் வைத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவன் என் மடியில் உட்காரவில்லை.

பஸ் சார்ஜு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வூட்டில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்லுவோம். அந்தப் பழக்கத்தில் என் வாயில் வந்துவிட்டது. இரண்டு மாதம் ஒரு பிள்ளையைக் காக்க வைத்துவிட்டேன்.

இப்போது நான் "சோறு ஆயிடுச்சு, வாடா" என்று கூப்பிட்டால்கூட அவன் உடனே வருவதில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறான். அவள் தலையாட்டின பிறகுதான் எழுந்திருக்கிறான்.