மைக் அக்கா

பல்கலைக்கழகத்தின் குரல் ஆய்வகத்தில் அவளை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகள் காத்திருக்கும் நீண்ட நடையில் நின்று நம்பர் கூப்பிடுவது அவள் வேலை. ஒரு மைக் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால், "அதான் நீ இருக்கியேம்மா" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போனாலும் தொண்டைக்கு ஓய்வில்லை. பட்டறை இரைச்சலில் காதைத் தொலைத்த கணவரிடம் "சாப்பிட வாங்க" என்பதைக்கூடத் தெருவே கேட்கும்படிதான் சொல்ல வேண்டும்.

கத்திப் பிழைப்பவர்களின் குரல் எப்படிக் கெடுகிறது என்பதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. அதற்குப் பரிசும் வாங்கிவிட்டார். கெட்ட குரல்களோடு ஒப்பிட நல்ல குரல்கள் வேண்டுமே? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து நீளமாக "ஆ" சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். முதல் நல்ல குரல் அவளுடையது. அவளும் கத்திப் பிழைப்பவள்தான் என்பது அவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் மறுபதிவு. "ஆ" பாதியிலேயே பிசிறடித்து வெறும் காற்றாகிப் போனது. ஆராய்ச்சி மாணவன் பேராசிரியரிடம் ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.

"அக்கா, உங்களைக் கணக்குலேர்ந்து எடுத்துடச் சொல்லிட்டார்."

"எடுத்துட்டு?"

"வேற நல்ல குரலா ஒண்ணு போட்டுக்குவோம்."

"அப்ப நான்?"

"நீங்க எப்பவும்போல வெளியே நம்பர் கூப்பிடுங்க."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"என்னைக் கெட்ட குரல் பக்கம் சேர்த்துடுங்க சார்."

"நல்ல குரல்னு எடுத்தவங்களை நடுவுல மாத்த முடியாதும்மா."

"நடுவுலதானே சார் கெட்டுச்சு? இங்கேதானே கெட்டுச்சு?"

அவர் கேமராக் குழாய் விட்டு அவள் தொண்டையைப் பார்த்தார். குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு, வண்டி இழுப்பவரின் உள்ளங்கையில் இருப்பதுபோல. அதைப் படம்பிடித்த கருவியின் விலைக்கு அந்தக் கட்டடம் முழுக்க மைக் மாட்டியிருக்கலாம்.

"பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது."

"அப்ப யார் சார் கூப்பிடுவா? கூப்பிடாதவளுக்கு இங்கே என்ன வேலைன்னு அனுப்பிட மாட்டாங்களா?"



மறுநாள் காலை அக்கா வாயை மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நடை நிறைந்தது. யாரும் உள்ளே போகவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். புற்றுநோய்க்குக் குரல்வளையையே பறிகொடுத்த பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த நம்பர் சீட்டை எட்டிப் பார்த்தார். ஆய்வகம் கொடுத்த பேசும் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"ஒண்ணாம் நம்பர்!" தகர டப்பாவுக்குள் வண்டு கத்துவதுபோல் இருந்தது. "ஒண்ணாம் நம்பர் உள்ளே போங்க! வழியில நிக்காதீங்க, உள்ளே போங்க!"

அலுவலகக் குமாஸ்தா ஓடி வந்தார். "பெரியவரே, உங்களை யார் கூப்பிடச் சொன்னது? இந்தம்மா எதுக்கு இருக்கு?"

"அந்தம்மாவுக்குத் தொண்டை போச்சு. எனக்குப் போக வேண்டியதெல்லாம் போயாச்சு. பேட்டரி தீர்ற வரைக்கும் நான் கூப்பிடறேன். அதுக்குள்ள போய் மைக் வாங்கிட்டு வாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வரும். அடக்கிக்கொண்டு அடுத்த சீட்டை அவரிடம் நீட்டினாள்.