ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு தட்டு

பேய், பிசாசு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். செஞ்சிக் கோட்டை மேல் தனியாகப் படுக்கச் சொன்னாலும் குறட்டை விட்டுத் தூங்குவேன். மண்ணுக்குள் போகும் தண்ணீர்க் குழாயைத் தேடிக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அதில் மிஷின் சொல்வதையே பாதிதான் நம்புவேன்.

போன கோடையில் கோட்டை அடிவாரத்தில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் அந்தத் தெருவில் இருக்கும் செல்வி அக்கா மகளுக்கு வளைகாப்பு. உள்ளே போவது பிளாஸ்டிக் குழாய். இரும்பென்றால் மிஷின் கத்தும், பிளாஸ்டிக்குக்கு வாயே திறக்காது. ரேடார் மிஷினோ எங்கள் ஊர்ப் பாறையை எல்லாம் குழாய் என்று காட்டியது. அதை நம்பித் தோண்டிய இரண்டு பள்ளமும் வீண்.

"இன்னும் ஒரே பள்ளந்தான் தம்பி. நாளைக்கு சொந்தக்காரங்க வர்ற எடத்துல இப்டி கெடந்தா இன்னா பண்றது?" என்றார் அக்கா.

பழைய வழிக்கே வந்தோம். என் கூட்டாளி ஏழுமலை தெருக்கோடி வீட்டுக்குள் இருக்கும் குழாயைத் தட்டுவான், நான் ரோட்டில் கம்பியை ஊன்றி அதில் காதை வைத்துக் கேட்டபடியே போவேன். சத்தம் மங்கும் இடத்தில் உடைப்பு. வேறு சத்தத்தோடு குழம்பாமலிருக்க ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. குழாய் கிடைத்ததும் நான் மூன்று தட்டினால் அவன் நிறுத்திவிடுவான். இது எங்கள் இருவருக்குள் மட்டும் உள்ள பழக்கம்.

மதிய வெயிலில் தெருவே உறங்கியது. காதை வைத்ததும் கேட்டது. ரெண்டு, அப்புறம் ஒன்று. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, ஏழுமலை ஒருநாளும் அவ்வளவு சுத்தமாகத் தட்டியதில்லை. சத்தம் போன வழியே போனேன், வேப்பமரத்துப் பக்கம் மங்கியது, ஆள் விட்டுத் தோண்டினால் குழாயும் உடைப்பும் அங்கேயே இருந்தன. சந்தோஷத்தில் மூன்று தட்டினேன். தட்டல் நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை டீயோடு வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, அதுக்குள்ள தோண்டிட்ட? நான் இன்னும் தட்டவே இல்லியே. வீடு பூட்டிக் கெடக்குது. அவலூர்பேட்டைக்குப் போயிட்டாங்களாம்."

விளையாடுகிறான் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பூட்டு தொங்கியது.

சாயங்காலமே தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் வளைகாப்பில் நான் போதும் போதும் என்றாலும் அக்கா விடாமல் எலுமிச்சை சாதம் வைத்தார், மனம் நிறையச் சாப்பிட்டேன். தட்டியது யாராக இருந்தாலும் நல்லதுதானே செய்தார்கள். ஆனால் மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம், நாங்கள் தட்டாமலே கிடைத்த குழாயானாலும், மூன்று தட்டிவிட்டுத்தான் பள்ளத்தை மூடுகிறேன். கீழே யாராவது தட்டிக்கொண்டே இருந்தால் பாவம், கை வலிக்கும்.