பக்கக் கதவு இல்லாத டிரெய்லர்

மாமாவுக்கு ஜாக்கி என்று பெயர் வைத்தது பேருந்துப் பணிமனையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். வாலிபத்தில் ஒருமுறை, ஜாக்கி கிடைக்காத அவசரத்தில், சின்னக் கார் ஒன்றின் பின்பக்கத்தைத் தனியாளாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கரம் மாற்றி முடிக்கும்வரை நின்றிருக்கிறார். பெயர் ஒட்டிக்கொண்டது. இடுப்பு வலியும் அன்றைக்கே கிளம்பியதுதான் என்பது அத்தையின் கட்சி.

"பேரு வாங்கினாரு பாரு பேரு. அந்தக் கார்க்காரன் ஒரு டீ வாங்கிக் குடுத்தானா கேளு."

வாரம் முழுக்கப் பணிமனையில் பிரேக் தூசியைத் தின்கிற மாமா சனிக்கிழமையானால் வேறு ஆள். பல் டாக்டர் ஒருவர் பொழுதுபோக்காக ரேஸ் கார் ஓட்டுகிறார். அந்தக் காருக்கு மாமாதான் மெக்கானிக். ரேஸ் திடலுக்கு ஏற்றிப்போவது, இறக்குவது, எஞ்சினைச் சூடாக்கி வைப்பது, டாக்டர் தோற்றுத் திரும்பியதும் ஆறுதலாக எதுவும் சொல்லாமல் பானட்டைத் திறப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. டாக்டர் பெரும்பாலும் தோற்பார். அதைப் பற்றி இருவருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச காலமாக மாமாவின் இடது இடுப்பு அவர் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் கட்டிலை விட்டு எழும்போது அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துத் தரையில் வைப்பார், யாரோ மறந்துவிட்டுப்போன பொருளை எடுத்து வைப்பதுபோல. பணிமனையில் விஷயம் தெரிந்து, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டருக்கு மட்டும் தெரியாது. தெரியவும் கூடாது என்று இருந்தார் மாமா. திடலில் கைகால் துடிப்பான பையன்கள் நிறைய. டாக்டர் ஒருவனைப் பார்த்துத் தலையை அசைத்தால் போதும், சனிக்கிழமை கைவிட்டுப் போய்விடும்.

இதுவரை காரை ஏற்றிப்போக இருந்தது திறந்த டிரெய்லர். காரை ஓட்டி மேலே ஏற்றிவிட்டு, கதவை அகலத் திறந்து, காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஆற அமர இறங்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தப் பருவத்தில் கார் இரண்டு தடவை மழையில் ஊறியது. முன்னால் போன லாரி தெறிக்கவிட்ட கல் கண்ணாடியைக் கீறியது. டாக்டர் முடிவு செய்துவிட்டார், இனி பெட்டிபோல மூடிய டிரெய்லர்தான்.

"ஏத்தி இறக்கறது நீங்கதானே அண்ணே. நீங்க கை காட்டறத வாங்கிடலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனை நான் ஓட்டினேன். பின்னால் பழைய டிரெய்லரில் ரேஸ் காரும் வந்தது. அத்தை காற்றாட வருவதாகச் சொல்லிக்கொண்டு ஏறினாள். அவள் கண் வழியெல்லாம் மாமாவின் காலிலேயே இருந்தது.

ஊருக்கு வெளியே, டிரெய்லர் விற்கிறவரின் சரளைக்கல் கொட்டிய திடலில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. படுக்கப்போட்ட குளிர்பதனப் பெட்டிகள்போல இருந்தன. டாக்டர் முன்பே வந்து இரண்டைத் தேர்ந்து வைத்திருந்தார். ஒன்று குட்டை. மற்றது நீளம், அதன் பக்கச் சுவரில் ஒரு கதவு. கார் உள்ளே நின்றதும் அந்தக் கதவைத் திறந்தால், கார்க் கதவையும் திறந்து சாதாரணமாக இறங்கிவிடலாம். குட்டையில் அது கிடையாது. சுவர் ஒட்டி நிற்கும். ஓட்டிப்போனவர் கார் ஜன்னல் வழியாக உடம்பை உருவிக்கொண்டுதான் வரவேண்டும்.

அத்தை குட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "காத்தே வராதே. இதுக்குள்ள எப்படிங்க?"

"கார் குடியிருக்கப் போகுதும்மா, நாம இல்ல" என்றார் விற்பனைக்காரர்.

மாமா இரண்டையும் சுற்றி வந்தார். தரைப் பலகையைத் தட்டினார். "நீளமானது நல்லா இருக்கு டாக்டர்" என்றார்.

"நல்லாதான் இருக்கு. எங்க தெருவுல திரும்பாதே அண்ணே."

"குட்டையில டயர் வைக்க எடம் பத்தாது."

"டயர வேன்ல போட்டுக்கலாம்."

"குட்டைன்னா ஆட்டம் காட்டும். நீளம்னா ரோட்டுல சாதுவா வரும்."

"மெதுவா போவோம். நமக்கு என்ன அவசரம், எப்படியும் கடைசியிலதான் வரப் போறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. இருந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன. மிச்சமிருந்தது ஒன்றுதான், அதை அவர் சொல்லப்போவதில்லை.

"ஒருதடவ ஏத்திப் பாத்துடுங்களேன்" என்றார் விற்பனைக்காரர்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன்.

மாமா காரைப் பழைய டிரெய்லரிலிருந்து இறக்கி, ஒரே வீச்சில் திருப்பி, குட்டைக்குள் ஏற்றினார். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. எஞ்சின் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து புகை மெல்ல வெளியே வந்தது. மாமா வரவில்லை.

"அண்ணே?"

"காரக் கட்டற பட்டைய மாட்டறதுக்குக் கொக்கியப் பாக்கறேன்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. நான் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். உடம்பில் பாதி ஜன்னலுக்கு வெளியே வந்திருந்தது. விளிம்பில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் கூரையைப் பிடித்திருந்தார். இடது கால் உள்ளே, கூண்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதைத் தூக்க ஒரு கை வேண்டும். கையை எடுத்தால் விழுவார். பெட்டியின் அரையிருட்டில் அவர் நெற்றி நனைந்து மின்னியது.

அத்தை பொறுக்கமாட்டாமல் சாய்வுப் பலகையில் ஏறினாள். "கொக்கியப் பாத்தது போதும். வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் இங்க வந்து நிக்குது."

டாக்டர் அவளைத் தாண்டி உள்ளே வந்தார். பார்த்ததும் புரிந்திருக்கவேண்டும். அவர் குரல் மாறியது. பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவரிடம் பேசுகிற குரல்.

"எத்தன நாளா அண்ணே இப்படி?"

"இருக்கும் ஒரு வருஷம்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"பல்லா இருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர். நீங்க கெட்டுப்போனத எல்லாம் புடுங்கிடற ஆளு."

டாக்டர் சிரிக்கவில்லை. சுவருக்கும் காருக்கும் நடுவே தன்னை நுழைத்துக்கொண்டு போய், மறுபக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அந்தக் காலைத் தூக்கிக் கம்பிக்கு மேலே கொண்டுவந்தார். நான் இந்தப் பக்கம் தோளைப் பிடித்தேன். வெளியே வந்ததும் மாமா சாய்வுப் பலகையின் நுனியில் உட்கார்ந்துவிட்டார்.

தன் சரக்குக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று விற்பனைக்காரர் பேச்செடுத்தார். "இதுல வின்ச் மாட்டிக்கலாம் சார். முன்னால மோட்டார், கம்பிக்கயிறு. வெளிய நின்னு பட்டன அமுக்கினா காரு தானா உள்ள போயிடும். உள்ள ஆளே வேணாம்."

ஆளே வேணாம் என்றதும் அத்தை அவரை முறைத்தாள்.

டாக்டர் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன அண்ணே சொல்றீங்க?"

"நீங்க வேற ஆள் பாத்துக்கறதா இருந்தா பாத்துக்கங்க. இப்பவே சொல்லிட்டா தேவலை. வார நடுவுல போன் பண்ணி, தயங்கித் தயங்கி, அதெல்லாம் வேணாம்." குரலில் கோபம் இல்லை. நெடுந்தூரம் சுமந்துவந்ததை இறக்கி வைக்க இடம் தேடுகிறவரின் குரல்.

"வேற எவன் வந்தாலும் நான் தோத்துட்டு வரும்போது அட்வைஸ் பண்ணுவான்" என்றார் டாக்டர். விற்பனைக்காரர் பக்கம் திரும்பினார். "வின்ச்சோட குடுங்க."

புது டிரெய்லர் வந்த முதல் சனிக்கிழமை நானும் போனேன். மாமா வெளியே சரளையில் நின்று பட்டனை அழுத்தினார். கம்பிக்கயிறு விறைத்தது. ஓட்டுநர் இருக்கை காலியாக, கார் அவரைக் கடந்து மெதுவாக உள்ளே ஏறியது. அவர் வலது கை மட்டும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல லேசாக அசைந்தது. பிறகு அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டைகளை டாக்டர் படுத்து மாட்டினார். மாமா நின்றபடி, இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரு இழுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். அத்தை காலை எடுத்து மேலே வைத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல. லிஃப்டுக்குக் காத்து நிக்கற மாதிரி இருந்துச்சு."

"அடுத்த வாரம் வேணாம்னு சொல்லிடவா?"

"வேற யாரு பட்டன அமுக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.