பச்சை குத்த ஒரு நல்ல ஆள்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு என் கணவருக்குப் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை வந்தது. ஆசை என்று சொல்வதுகூடத் தப்பு. அது பயம். மறதி நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொன்ன அன்று, சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தைத் தடவிக் காட்டினார்.

"ஏம்மா, இங்க உன் பேரைக் குத்திக்கிறேன். எல்லாம் போனாலும் இது இருக்கும்ல."

இந்த வயதில் ரவுடி ஆக வேண்டுமா என்று கேட்டேன். அழுகை வந்தால் எனக்கு முதலில் கேலிதான் வாயில் வரும். அது அவருக்குத் தெரியும் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்மா"தான். அவர்கள் வீட்டு ஆண்கள் மனைவியின் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாமனார் எதிரில் கூச்சப்பட்டு ஆரம்பித்தது, மாமனார் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது. கிளினிக்கில் என் பேரைக் கேட்டால்கூட என் பக்கம் திரும்பி, "சொல்லேம்மா" என்பார். அப்படிப்பட்ட மனிதர் என் பேரைத் தோலில் எழுதிக்கொள்கிறேன் என்றபோது, அந்தத் துக்கத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் ஷிப்யார்டில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா நம்ப மாட்டார். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். பச்சை குத்தும் ஆளையும் அப்படித்தான் தேடினார்.

முதலில் நகரத்தில் ஒரு ஷாப்பிங் சென்டரின் மேல்மாடிக்குப் போனோம். அங்கிருந்த பையன் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். உட்காருங்கள், இப்போதே முடித்துவிடலாம் என்றான். எல்லாம் அன்றைக்கே எடுத்த படங்கள். தோல் சிவந்து மினுமினுத்தது. ஆறின பிறகு, சில வருஷம் போன பிறகு எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார் இவர். அவனிடம் அப்படி ஒரு படமும் இல்லை. வெளியே வந்ததும், "புது வெல்டிங் எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். உப்புத் தண்ணி பட்டதுக்கப்புறம் பாக்கணும். இவன நம்பாத," என்றார். அடுத்து கிளமெண்டியில் ஒரு கடை. சுத்தத்தில் குறையில்லை, ஊசியை நம் கண்ணெதிரே பாக்கெட்டைக் கிழித்து எடுத்தார்கள். ஆனால் சுவரில் மாட்டியிருந்த கைகள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தன. நம் நிறத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒரே மாதிரிதான் லா என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டார்கள். இவர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மூன்றாவது ஆள் லிட்டில் இந்தியாவில் கிடைத்தார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாலை கட்டும் கடைக்கு மேலே. படியேறி முடிக்கும்வரை மல்லிகை வாசம் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு கையிலும் இடம் பாக்கியில்லை. இவர் கேட்பதற்கு முன்னாலேயே தன் கையை நீட்டி, முதன்முதலில் குத்திக்கொண்டதைக் காட்டினார். அது மங்கி, கோடெல்லாம் தடித்துப் போயிருந்தது. நம் தோலில் எழுத்தைப் பொடியாகப் போட்டால் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், கொஞ்சம் பெரிதாக, இடைவெளி விட்டுத்தான் போடவேண்டும் என்றார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். தன் குறையைத் தானே எடுத்துக் காட்டிய அந்தக் கையின் மேல் இவர் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அந்த ஆளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் முறை குத்திக்கொள்ள வருகிறவர்களுக்கு அன்றே ஊசி எடுக்க மாட்டார். யாராக இருந்தாலும் ஒரு மாதம் கழித்து வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, என்ன வேண்டும், எதற்காக என்று தங்கள் வாயாலேயே மறுபடியும் சொல்ல வேண்டும். இவர் தன் நோயை ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக்காரம்மா பேர், மறந்து போனால் பார்த்துக்கொள்ள என்று தெளிவாகச் சொன்னார். படியிறங்கும்போது, "சரியான ஆள் இவன்தான்மா. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு மாதம் எங்களுக்கு நல்ல மாதமாக இல்லை. குழாயைத் திறந்தபடி விட்டார். பேப்பர் வாங்கக் கீழே போனவர் பக்கத்து புளோக்கில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவை எங்கள் சாவியால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த மலாய்க்கார அம்மாள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். தேதி வந்ததும், ரயிலில், வண்டி மாறும் நியூட்டன் நிலையம் வரை அவருக்கு டியூஷன் எடுத்தேன். என்ன போடணும்? உன் பேரு. எங்க? கையில. எதுக்கு? சில தடவை சரியாகச் சொன்னார். சில தடவை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த ஆள், "சொல்லுங்கண்ணே," என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, நீங்க சொல்லாதீங்க. அண்ணன் சொல்லட்டும்," என்றார்.

இவர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். கப்பல் அழகாக இருக்கிறது என்றார். பேர் போடுவதாகச் சொன்னீர்களே என்று நினைவுபடுத்தியதும், ஆமாம் என்றார்.

"அக்கா பேரு என்னண்ணே?"

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, கிளினிக்கில் செய்வதுபோலவே, "சொல்லேம்மா," என்றார்.

மறந்துவிட்டாரா, இல்லை, வழக்கமான கூச்சம்தானா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் இரண்டு தரம் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். இவர் ஒவ்வொரு தரமும் என்னையே கைகாட்டினார். கடைசியில் அந்த ஆள் கையுறையைக் கழற்றினார்.

"என்னால போட முடியாதுக்கா. நாளைக்கு அண்ணன் கையப் பாத்துட்டு, யாரோ என்னைப் பிடிச்சு வச்சுக் குத்திட்டாங்கன்னு பயந்தா என்ன பண்றது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் எல்லாம் அன்றைக்கே போடத் தயாராக இருந்தார்கள், ஒழுங்கான ஆள் வேண்டும் என்றுதானே உன்னைத் தேடி வந்தோம் என்று சத்தம் போட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இவர்தான் எழுந்து வந்து, "விடும்மா, போலாம்," என்று என் தோளைத் தொட்டார்.

ரயில் நிலையத்தில் நின்றபோது அந்த ஷாப்பிங் சென்டர் ஞாபகம் வந்தது. அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். என் பேரோடு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால், நம்பாதே என்று அவரே தன் வாயால் சொன்ன இடத்துக்கு, அது நினைவில்லாத அவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு காலையில் பால் சேர்க்காத கோப்பி ஓ கலந்து மேசையில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசும் மரியாதையோடு, "தப்பா நெனச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார். பிறகு என் பேரைச் சொன்னார். என் முழுப்பேரையும் சொன்னார், கூச்சமே இல்லாமல். அவர் வாயிலிருந்து அதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அவ எங்க போனான்னு பாத்தீங்களா? ரொம்ப நேரமா காணோம்."

பேர் அப்படியே இருந்தது. நான்தான் இல்லை.

"மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.