படகுக்கு வலப்பக்கம்

ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் ஐயாசாமி அண்ணன் உடனே பார்க்க மாட்டார். முதலில் வலது கை விரல்களைச் சட்டையின் ஓரத்தில் துடைப்பார், ஐந்தையும் தனித்தனியாக. பிறகு விளிம்புகளை மட்டும் பிடித்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்புவார். இடது கண்ணைப் பாதி மூடியபடி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். மரம் மேலிருந்து தொங்கும். வானம் கீழே கிடக்கும்.

"தலகீழா இருக்கறப்ப இது மரம், இது வீடுங்கற நெனப்பு போயிரும் தம்பி. கறுப்பு எங்க, வெளுப்பு எங்கன்னு மட்டுந்தான் தெரியும்" என்பார்.

அவருடைய கேமரா கண்ணாடித் தகடு போட்டு எடுக்கிற பழைய வகை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியில் உலகம் கவிழ்ந்துதான் விழும். அதில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

கோத்தா திங்கிக்கு மேலே ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் ஆஸ்பத்திரி டிரசர். பன்னிரண்டு வயதில் தகப்பனோடு கப்பலேறி வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று மருந்துப் போத்தல்களில் சீட்டு எழுத ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே இருந்து புண் கழுவவும் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டார். நான் அவரைப் பார்த்தபோது முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கிற ஆட்களுக்கு மலேரியா வராமலிருக்கக் கொய்னா மருந்து ஊற்றி, விழுங்கிவிட்டார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற வேலை. ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்துச் சின்னத் துரை சீமைக்குத் திரும்பினார். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதற்காகத் தன் கேமராவை ஐயாசாமி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மனைவி பெயர் அங்கம்மா. அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள். பிள்ளைகள் இல்லை. நான் அந்த அம்மாளை நேரில் பார்த்ததே கிடையாது.

ஜொகூர் பாருவில் நாங்கள் நான்கு பேர், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் லியாக்கத் அலி பாயின் துணிக்கடை மாடியில் கூடுவோம். பாய் கடைக்காரர், நிதானமானவர். மணியம் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர், வாய் ஓயாதவர். ஐயாசாமி அண்ணன் விடிகாலை பஸ்ஸில் வந்துவிடுவார். நான் ஆபீசில் கணக்கெழுதும் ஒரு சின்ன கிராணி, எல்லாரிலும் இளையவன்.

கூட்டத்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. படங்களைப் பெயர் எழுதாமல் மேசையில் பரப்ப வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டில் குறையை எழுத வேண்டும். மூன்று பேர் ஒரே குறையைச் சொல்லிவிட்டால், எடுத்தவர் அடுத்த மாதம் அதைத் திருத்திக் கொண்டுவந்தாக வேண்டும். திருத்திய படம் நன்றாக வந்துவிட்டால் பழையதைக் கிழித்துப் போட வேண்டும். கிழிப்பது, குறையை முதலில் எழுதியவன் வேலை.

இன்னொன்றும் உண்டு. அது சட்டமில்லை, ஒரு வீம்பு. நாங்கள் ஆட்களை எடுப்பதில்லை. "ஆள எடுக்கறதுக்கு ஸ்டூடியோக்காரன் நாக்காலி போட்டு வச்சிருக்கான். அதுக்கா நாம கூடுறோம்?" என்று மணியம் கேட்பார். அதனால் தண்ணீர், மூட்டம், மரப்பாலம், படகு, இவைதான் எங்கள் படங்களில் இருக்கும்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து பேச வராது. எழுத வரும். யாப்பை உதறிவிட்டு வந்த புதுக் கவிதைகளை ஊரிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்த காலம். வேண்டாத சொல் ஒன்றை எடுத்துவிட்டால் கவிதை நிமிர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் சீட்டுகளும் எழுதினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதக் கூட்டத்தில் ஆற்றுப் படம் ஒன்று இருந்தது. விடிந்து சற்று நேரமான ஆறு. தண்ணீர்மேல் மெல்லிய புகை. நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஒரு வெறும் படகு, அதன் நிழலோடு. படகைத் தாண்டி வலது ஓரத்தில் கரைப்புதர் கறுப்பாக நின்றது. அந்தக் கறுப்புக்கு முன்னால் ஒரு பெண்.

நான் எழுதினேன்: 'வலது ஓரத்து உருவம் வெளிச்சத் திட்டாக நின்று கண்ணைப் படகிலிருந்து பிடுங்குகிறது. இப்படத்துக்கு அது தேவையில்லை. அகற்றவும்.'

பாய் சீட்டுகளை வாசித்தார். அவரும் மணியமும் அதையேதான் எழுதியிருந்தார்கள். பாய் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார், உருவம் அசையாமல் தெளிவாக விழுந்திருப்பதால் இன்னும் அதிகமாக இழுக்கிறதென்று.

"யாரு படம் இது?" என்றார் மணியம். "படகுக்கு டிக்கட் வாங்க வந்த அம்மா மாதிரில்ல நிக்குது."

ஐயாசாமி அண்ணன் சிரித்தார். "என்னுதுதான். அது நம்ம வீட்டுக்காரி. நான் மூடியத் தொறந்து வச்சிட்டுக் கடியாரத்தப் பாத்து நாலு வரைக்கும் எண்ணிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா கோப்பித் தூக்கோட அங்க நிக்கிறா."

"அலமாக். ஒரு தகடு வீணாப் போச்சே அண்ணே" என்றார் மணியம்.

"ஓரத்த வெட்டிரலாமே" என்றார் பாய்.

"வெட்டுனா படகு மூக்கு போய் ஓரத்துல இடிக்கும் பாய். எடம் வேணும்" என்ற மணியம், ஐயாசாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "பிளேட்டுலயே சுரண்டிருங்க. பின்னாடி புதரு கறுப்புத்தான? சுரண்டுன எடமும் கறுப்பாத்தான் விழும். ஒருத்தனுக்கும் தெரியாது. கொண்டாங்க, நான் செஞ்சு தரேன். தெனம் மேப்புல கோடு சுரண்டுற கை இது."

ஐயாசாமி அண்ணன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று தலைகீழாகத் திருப்பவில்லை. "இருக்கட்டும்னு சொல்ல முடியாதுல்ல?" என்றார்.

"மூணு சீட்டுலா அண்ணே. நீங்க போட்ட சட்டந்தான்" என்றார் மணியம்.

ஐயாசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பென்சிலைச் சீவினேன்.

"சரி. தம்பி எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் தகடு மணியத்திடம் வந்தது. பாய் கடை ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்து, மெல்லிய கத்தியால் மணியம் சுரண்டியதை நானும் நின்று பார்த்தேன். தகட்டில் எல்லாம் மாறித் தெரியும். வெளிச்சமான இடம் கறுப்பு, கறுப்பான இடம் வெறும் கண்ணாடி. அந்தப் பெண் கறுப்பாக இருந்தாள். பொடிப் பொடியாக உதிர்ந்தாள். மணியம் வாயால் ஊதிவிட்டார். கை நன்றாக ஓடியது. நான் அதை மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஜூலைக் கூட்டத்தில் திருத்திய படம் வந்தது. படகு தனியாக, புகையோடு, பேசாமல் கிடந்தது. பாய் எழுந்து நின்று பார்த்தார். பழைய படத்தை ஐயாசாமி அண்ணன் என்னிடம் நீட்டினார். சுரண்டுவதற்கு முன் அந்த ஒரு காப்பிதான் போட்டிருந்தார். நான் நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

ஆகஸ்டில் அது சிங்கப்பூரில் ஒரு படக் கண்காட்சிச் சுவரில் தொங்கியது. நாங்கள் நான்கு பேரும் பாலம் கடந்து போய்ப் பார்த்தோம். ஒரு சீனர் அதன் எதிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பும்போது ஐயாசாமி அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

நவம்பர் மழையில் அங்கம்மா அக்கா மலேரியாவில் இறந்துபோனார். ஐந்து நாள் காய்ச்சல். தோட்டம் முழுவதற்கும் கொய்னா ஊற்றியவர் தன் வீட்டுக்கும் ஊற்றியிருக்கிறார். ஆறு பெருகிப் பஸ் நின்றுபோயிருந்தது. செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

டிசம்பரில் ஒரு வேலைநாள். காலை பத்து மணிக்கு பாய் எனக்கு ஆள் அனுப்பினார். போனால், கடை மாடியில் ஐயாசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மடியில் அந்தத் தகடு, ஒரு துண்டில் சுற்றியபடி.

"தம்பி, அன்னைக்குக் கிழிச்சதை எங்க போட்டீங்க?"

கூடையைக் காட்டினேன். அது வாரம் ஒரு முறை காலியாகிற கூடை. அவருக்கும் தெரியும்.

"ஒரு துண்டு கீழ விழுந்திருக்கும்லா? நாலு துண்டுல ஒண்ணு. வலது பக்கத்துத் துண்டு மட்டும் போதும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வீட்டில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. அருவி இருந்தது, பாலம் இருந்தது, பால் மரங்கள் வரிசை வரிசையாக இருந்தன. அவர் மனைவி எதிலும் இல்லை. கல்யாணத்தின்போது படம் எடுக்க வசதியில்லை. பிறகு கேமரா வந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். நான் மேசைக்கு அடியில் படுத்துப் பலகை இடுக்குகளைப் பார்த்தேன். அலமாரியை இரண்டு பேருமாக நகர்த்தினோம். ஒரு தீப்பெட்டியும் பழைய பித்தான்களும் கிடைத்தன. மத்தியானம் வரை தேடினோம். கீழே வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாய் இறங்கவில்லை.

ஐயாசாமி அண்ணன் தகட்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க பாருங்க பாய். கை மாதிரி ஒண்ணு தெரியுதுல்ல? தூக்கைப் பிடிச்ச கை."

வெறும் கண்ணாடிதான். கத்தி போன கீறல் இரண்டு இருந்தது.

"தெரியுது" என்றார் பாய். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"படம் சுவத்துல தொங்குனதும் ஒரு காப்பி போட்டு அவகிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன்" என்றார் ஐயாசாமி அண்ணன். "ரொம்ப நேரம் பாத்தா. ஓரமா விரலை வச்சு வச்சுப் பாத்தா. அப்புறம், 'படகு நல்லாத் தெரியுதுங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க நல்லாப் பாத்துத்தான எழுதுனீங்க. நான் நல்லாப் பாக்கல, அவளத்தான் தெனம் பாக்கறமேன்னு இருந்துட்டேன். அதுல எப்படி நின்னா? மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எதையும் கவனிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. கண்ணை மூடி யோசித்தேன். படகின் நிழல் எத்தனை விரல்கடை நீளம் என்று நினைவிருந்தது. புகை எந்த இடத்தில் அறுந்தது என்று நினைவிருந்தது. வலது ஓரத்தில் ஒரு வெளிச்சத் திட்டு இருந்தது. அதற்கு முகம் இல்லை. நான் அதன் எடையைப் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை.

"நேராப் பாத்து நின்னாங்க அண்ணே. லேசாச் சிரிச்ச மாதிரி."

அவர் என்னையே பார்த்தார்.

"அவ முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும் தம்பி. வாயத் தொறந்து சிரிக்க மாட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மணியத்துக்கு அன்று மாலை பாய் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு கூட்டம் கூடவில்லை. யாரும் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை. ஜனவரி முதல் ஞாயிறு நான் போனேன், பாய் இருந்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஐயாசாமி அண்ணன் கேமராவைத் தோட்டத்து ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வடக்கே கெடாப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பழைய விலாசத்துக்கு நான் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்தன.

முப்பத்தேழில் ஆபீஸ் வேலையாகக் கோத்தா திங்கி போக நேர்ந்தபோது, அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் போனேன். ராசம்மா என்கிற ஆயா இருந்தார். டிரசர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். நான் யாரென்று சொன்னதும், "படம் எடுக்கற கூட்டாளிங்களா?" என்று கேட்டு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். நான் கேட்காமலே அங்கம்மாவைப் பற்றிப் பேசினார்.

"அவரு ஆத்தப் படம் புடிக்கப் போறாருன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. இவ அதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் விடிகாலைல என்னையக் கூட்டிக்கிட்டு அங்க போனா தம்பி. எந்த எடத்துல நின்னா மூஞ்சியில வெளிச்சம் விழுதுன்னு பாக்கச் சொல்லி, மேட்டுல அவரு நிக்கற எடத்துல என்னைய நிக்க வச்சிட்டு, இங்கயா அங்கயான்னு கேட்டுக் கேட்டுத் தள்ளித் தள்ளி நின்னா. புதருக்கு முன்னால நின்னாத்தான் நல்லா எடுப்பா இருக்குன்னு நாந்தான் சொன்னேன்."