துளசிக் கூடையில் படுத்த பூனை

திருப்பதியில் ஒரு பெருமாள் கோயிலுக்கு மாலை தொடுக்கும் கூடத்தில் அடியேன் நெடுங்காலமாகக் கைங்கரியம் செய்து வருகிறேன். எலித் தொல்லை தாளாமல் சென்ற ஆண்டு அங்கே ஒரு பூனையை வளர்க்கத் தொடங்கினோம். பூ அறைக்குள் அது நுழையாமல் பார்த்துக்கொள்வதாக வரதன் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அடியேன் அருகில் அமர்ந்து, பாசுரம் சொல்லிக்கொண்டே மாலை தொடுத்தவர் அவர்.

பெருமாளுக்குரிய பூவை முகரலாகாது என்பதால், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்ட பிறகே கூடையைத் திறப்போம்.

ஒரு நாள் காலை அர்ச்சகர் மாலையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ன சாமி இது? துளசி பூரா பூனை முடி! மூத்திர நாத்தம் வேற!"

பதறிப்போய் வரதனைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"பத்து நாளா கூடையிலதான் படுத்துக்கினு இருக்குது, சாமி. சொன்னா அத்தத் தொரத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அந்தப் பத்து நாள் மாலையும் பெருமாள் தோளுக்குத்தானே போச்சு, வரதா?" என்று கேட்டேன்.



பூனை இன்றும் முற்றத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் கோபமில்லை, அதற்கு ஆசாரம் தெரியாது. அனைத்தும் தெரிந்தவர், தெரிந்தே மூக்கில் துணி கட்டிக்கொண்டு அருகிலிருந்து பாடினாரே, அதுதான் ஆறவில்லை.

பூ அறைச் சாவி இப்போது அடியேனிடமே இருக்கிறது. துணி கட்டுமுன் கூடையை வெயிலில் கவிழ்த்து, துளசியை உதறிப் பார்க்கிறேன். அப்போது மூக்கில் ஏறும் மணத்துக்காக, நாள்தோறும் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.